கூட்டுப்படையும் இறையாண்மையும்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

ஐரோப்பாவுக்கென்று ஒரு பொது ராணுவம் வேண்டும் என்று ஒரு தலைவர் பேசும்போதெல்லாம் என்னிடம் ஒரே மாதிரியான சந்தேகங்கள் வந்து சேர்கின்றன. 2015 மார்ச்சில் அன்றைய ஐரோப்பிய ஆணையத் தலைவர் யுங்கர் பேசியபோதும், 2018 நவம்பரில் பிரான்ஸ் அதிபர் மக்ரோன் பேசியபோதும், 2025 பிப்ரவரியில் மியூனிக் மாநாட்டில் உக்ரைன் அதிபர் ஸெலென்ஸ்கி 'ஐரோப்பாவின் ஆயுதப்படைகள்' உருவாக வேண்டும் என்று கேட்டபோதும் இதுதான் நடந்தது. அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இந்த விவாதம் மிக ஆழமாக நடந்திருப்பது ஐரோப்பாவில் என்பதால் பெரும்பாலான உதாரணங்கள் அங்கிருந்தே வருகின்றன. மற்ற கண்டங்களின் அனுபவம் 12ஆம் கேள்வியில் இருக்கிறது.

1. ஐரோப்பாவுக்குத் தனி ராணுவம் ஏற்கெனவே இருக்கிறதா, இல்லையா? ஒருவர் இருக்கிறது என்கிறார், இன்னொருவர் இல்லை என்கிறார்.

இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் தானே ஆள் சேர்த்து, சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் படைப்பிரிவு ஒன்றுகூடக் கிடையாது. உறுப்பு நாடுகள் தங்கள் படைகளைக் குறிப்பிட்ட ஒரு பணிக்காக, குறிப்பிட்ட காலத்துக்கு ஒன்றியத்தின் கொடியின் கீழ் அனுப்புகின்றன. போஸ்னியாவில் 2004 டிசம்பர் முதலும், சோமாலியக் கடற்பகுதியில் கடற்கொள்ளையரைத் தடுக்க 2008 டிசம்பர் முதலும் இப்படித்தான் பணிகள் நடக்கின்றன.

குழப்பத்துக்குக் காரணம், ராணுவம் போலத் தோன்றும் சில ஏற்பாடுகள். சுமார் 1,500 வீரர்கள் கொண்ட 'போர்க்குழுக்கள்' 2007 ஜனவரி முதல் முறைவைத்துத் தயார்நிலையில் நிற்கின்றன. ஆனால் ஒருமுறைகூட அவை களத்துக்கு அனுப்பப்படவில்லை. அதற்குப் பிறகும் 2022 மார்ச்சில் 5,000 பேர் வரை கொண்ட விரைவுப்படை ஒன்றை அமைக்க ஒன்றியத் தலைவர்கள் முடிவு செய்தார்கள். படை இருந்தும் ஏன் நகரவில்லை என்பதை 10ஆம் கேள்வியில் பார்ப்போம்.

2. நேட்டோ இருக்கிறதே, அது கூட்டு ராணுவம் இல்லையா?

நேட்டோ ஒரு கூட்டணி. 1949 ஏப்ரல் 4 அன்று வாஷிங்டனில் 12 நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கையில் இன்று 32 நாடுகள் இருக்கின்றன. அதனிடம் நிரந்தரமாக இருப்பவை பெரும்பாலும் தலைமையகங்களும் போர்த்திட்டங்களும்தான். படைகள் அந்தந்த நாட்டுக்கே சொந்தம். ஐரோப்பாவுக்கான தலைமைத் தளபதி பதவியில் 1951இல் ஐசனோவர் அமர்ந்ததிலிருந்து தொடர்ந்து அமெரிக்கத் தளபதிகளே இருந்துவருகிறார்கள். ஆனால் அரசியல் முடிவுகள் வாக்கெடுப்பால் எடுக்கப்படுவதில்லை. ஒரு நாடு மறுத்தாலும் முடிவு இல்லை.

கூட்டணியில் இருந்துகொண்டே கூட்டுத் தலைமையிலிருந்து மட்டும் விலக முடியும் என்பதையும் வரலாறு காட்டியிருக்கிறது. 1966இல் அதிபர் டி கோல் தலைமையில் பிரான்ஸ் அப்படி விலகியது. பாரிஸில் இருந்த நேட்டோ தலைமையகம் பிரஸ்ஸல்ஸுக்குப் போனது. பிரான்ஸ் திரும்பி வந்தது 2009இல். சைப்ரஸ் நெருக்கடியின்போது 1974இல் கிரீஸும் இப்படி விலகி 1980இல் திரும்பியது.

3. ஒரு நாட்டைத் தாக்கினால் மற்ற எல்லா நாடுகளும் போருக்குப் போயே ஆக வேண்டுமாமே?

நேட்டோ உடன்படிக்கையின் 5ஆம் பிரிவைப் பலர் அப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஒருவர் மீதான தாக்குதல் எல்லோர் மீதான தாக்குதலாகக் கருதப்படும் என்று அது சொல்வது உண்மை. ஆனால் ஒவ்வொரு நாடும் 'தேவை என்று தான் கருதும்' நடவடிக்கையை எடுக்கும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. படை அனுப்புவதும் அந்த நடவடிக்கைகளில் ஒன்று, அவ்வளவுதான். இந்தப் பிரிவு இதுவரை ஒரே ஒரு முறை, 2001 செப்டம்பர் 11 தாக்குதல்களுக்குப் பிறகு, பயன்படுத்தப்பட்டிருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றிய உடன்படிக்கையின் 42(7) பிரிவு படிக்க இதைவிடக் கடுமையாக இருக்கும். தாக்கப்பட்ட உறுப்பு நாட்டுக்குத் தம் சக்திக்கு உட்பட்ட எல்லா வழிகளிலும் உதவுவது மற்றவர்களின் கடமை என்கிறது. 2015 நவம்பரில் பாரிஸ் தாக்குதல்களுக்குப் பிறகு பிரான்ஸ் இதைக் கையில் எடுத்தது. என்ன உதவி செய்வது என்பதை அப்போதும் ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்தது. ஜெர்மனி உளவு விமானங்களையும் ஒரு போர்க்கப்பலையும் அனுப்பியது, அதுவும் தன் நாடாளுமன்றம் வாக்களித்த பிறகு.

4. வேறு நாட்டுத் தளபதி என் நாட்டுச் சிப்பாய்க்கு உத்தரவிட்டால் இறையாண்மை அங்கேயே போய்விட்டதே?

ராணுவ நடைமுறையில் ஆணையதிகாரம் பல அடுக்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நியமனம், தண்டனை, பதவி உயர்வு, திரும்ப அழைத்தல் எல்லாம் சேர்ந்தது 'முழு ஆணை'. நேட்டோவின் எந்தப் பன்னாட்டுத் தளபதிக்கும் இது தரப்படுவதில்லை. அவருக்குக் கிடைப்பது 'செயல்பாட்டுக் கட்டுப்பாடு'. அதாவது ஒதுக்கப்பட்ட பணிக்காக, ஒதுக்கப்பட்ட இடத்தில், ஒதுக்கப்பட்ட காலம் வரை படையை நகர்த்தும் அதிகாரம். இதற்கும் மேலே ஒவ்வொரு நாடும் நிபந்தனைகள் விதிக்கலாம். ஆப்கானிஸ்தானில் ஜெர்மன் படைகள் பெரும்பாலும் வடக்குப் பகுதியிலேயே இருந்ததற்கு இத்தகைய நிபந்தனையே காரணம். உத்தரவு தன் நாட்டின் வரம்பை மீறினால் தடுத்து நிறுத்தும் அதிகாரி ஒருவரும் உடன் இருப்பார். அவர் கையில் 'சிவப்பு அட்டை' இருக்கிறது என்பது ராணுவத்தாரின் வழக்கு.

இது நேட்டோவின் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். முதல் உலகப் போரில், 1918 மார்ச்சில் ஜெர்மனியின் பெருந்தாக்குதலில் மேற்கு முனை உடையும் நிலை வந்தபோது, பிரிட்டனும் பிரான்ஸும் வேறு வழியின்றிப் பிரெஞ்சுத் தளபதி ஃபோஷிடம் ஒருங்கிணைப்பை ஒப்படைத்தன. ஏப்ரல் 3 அன்று போவே நகரில் அமெரிக்காவும் சேர்ந்து அவருடைய அதிகாரத்தை விரிவாக்கியபோது ஒரு வரியைக் கவனமாகச் சேர்த்தார்கள்: ஃபோஷின் உத்தரவால் தன் படைக்கு ஆபத்து என்று ஒரு நாட்டின் தளபதி கருதினால், அவர் தன் சொந்த அரசிடம் முறையிடலாம். தோல்வி வாசலில் நின்ற நேரத்திலும் அந்த வரியை விட்டுவிட யாரும் சம்மதிக்கவில்லை. இன்றைய 'சிவப்பு அட்டை' அந்த வரியின் வாரிசு.

5. இது புது யோசனையா? இதற்கு முன்பு யாராவது முயன்று பார்த்தார்களா?

முயன்றார்கள், கையெழுத்துவரை போனார்கள். இந்த விவாதத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு நிகழ்ச்சியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். 1950 ஜூனில் கொரியப் போர் தொடங்கியதும், மேற்கு ஜெர்மனிக்கு மீண்டும் ஆயுதம் தர வேண்டும் என்று அமெரிக்கா வலியுறுத்தியது. இரண்டாம் உலகப் போர் முடிந்து அப்போது ஐந்தே ஆண்டுகள். ஜெர்மன் ராணுவம் என்ற சொல்லையே பிரான்ஸால் சகிக்க முடியவில்லை. அக்டோபர் 24 அன்று பிரெஞ்சுப் பிரதமர் ரெனே பிளெவன் ஒரு மாற்றை முன்வைத்தார். ஜெர்மானியர் படையில் சேரட்டும், ஆனால் ஜெர்மன் ராணுவத்தில் அல்ல, ஐரோப்பிய ராணுவத்தில். பொதுச் சீருடை, பொது வரவுசெலவு, நாடுகளுக்கு மேலான ஒரு நிர்வாகம். 1952 மே 27 அன்று பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் ஆகிய ஆறு நாடுகளும் பாரிஸில் இதற்கான உடன்படிக்கையில் கையெழுத்திட்டன.

நான்கு நாடுகளின் நாடாளுமன்றங்கள் ஒப்புதல் அளித்தன. இத்தாலி பிரான்ஸுக்காகக் காத்திருந்தது. பிரான்ஸில் டி கோல் ஆதரவாளர்களும் கம்யூனிஸ்டுகளும், வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள், இதில் ஒரே பக்கம் நின்றார்கள். பிரெஞ்சு ராணுவம் கரைந்துபோய்விடும் என்பது முதல் கவலை. பிரிட்டன் சேராததால் ஜெர்மனியோடு தனியே மாட்டிக்கொள்வோம் என்பது இரண்டாவது கவலை. இதற்கிடையில் ஸ்டாலின் இறந்திருந்தார், கொரியாவில் போர் நின்றிருந்தது, இந்தோசீனாவில் தியன் பியன் ஃபூ வீழ்ந்திருந்தது. 1954 ஆகஸ்ட் 30 அன்று பிரெஞ்சு தேசிய அவை 319க்கு 264 என்ற வாக்குக்கணக்கில் விவாதத்தையே தொடராமல் உடன்படிக்கையைக் கைவிட்டது. எதிர்த்தவர்கள் அவையிலேயே தேசிய கீதம் பாடினார்கள்.

விளைவைப் பாருங்கள். ஜெர்மன் ராணுவம் உருவாகாமல் தடுக்கவே பிரான்ஸ் இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதைத் தானே வீழ்த்தியதால் 1955 மே மாதம் மேற்கு ஜெர்மனி நேட்டோவில் சேர்ந்தது, அதே ஆண்டு இறுதியில் தனக்கென்று தேசிய ராணுவத்தையும் அமைத்தது. தன் ராணுவத்தைக் காத்துக்கொண்ட நாடு, எதற்கு அஞ்சியதோ அதை ஏற்க வேண்டியதாயிற்று. ஆனாலும் அன்று 'வேண்டாம்' என்று வாக்களித்தவர்கள் எல்லோரும் குறுகிய மனம் கொண்டவர்கள் என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியாது. அந்தப் படையைப் போருக்கு அனுப்பும் முடிவுக்கு யாரிடம் கணக்குக் கேட்பது என்ற அவர்களுடைய கேள்விக்கு உடன்படிக்கையில் தெளிவான பதில் இல்லை.

6. இறையாண்மை போய்விடும் என்கிறார்கள். சரியாக எது போகும்?

பொத்தாம்பொதுவாக அஞ்சுவதைவிட, ஒரு அரசுக்குப் படை மீது என்னென்ன அதிகாரங்கள் இருக்கின்றன என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. ஆள் சேர்ப்பது, பயிற்சி தருவது, ஆயுதம் வாங்குவது, பழுது பார்ப்பது, தலைமையகம் நடத்துவது, களத்தில் நகர்த்துவது, போருக்கு அனுப்புவது, திரும்ப அழைப்பது. இவற்றில் கடைசி இரண்டைத் தவிர மற்ற அனைத்தையும் நாடுகள் ஏதாவது ஒரு காலத்தில், ஏதாவது ஓர் அளவில் பகிர்ந்திருக்கின்றன. அடுத்த பதிலில் அதற்கான உதாரணங்கள் இருக்கின்றன. அனுப்பும் முடிவையும் திரும்ப அழைக்கும் முடிவையும் மட்டும் எந்த ஜனநாயக நாடும் இதுவரை முழுதாகக் கைமாற்றியதில்லை.

அது சரியான எல்லை என்பதே என் கருத்து. ஒரு குடிமகனைச் சாகவும் கொல்லவும் அனுப்பும் முடிவை எடுப்பவர்களை அந்தக் குடிமக்கள் அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பக்கூடியவர்களாக இருக்க வேண்டும். ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 1994 ஜூலை 12 அன்று தந்த தீர்ப்பு இதைச் சட்டமாகவே ஆக்கியது. வெளிநாட்டில் ஆயுதப் பணிக்கு ராணுவத்தை அனுப்ப நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கட்டாயம். அதனால்தான் ஜெர்மன் ராணுவத்தை 'நாடாளுமன்ற ராணுவம்' என்று அங்கே சொல்கிறார்கள்.

7. பேச்செல்லாம் சரி, உண்மையிலேயே படைகளை இணைத்த நாடுகள் உண்டா?

உண்டு, பலரும் நினைப்பதைவிட ஆழமாக. பெல்ஜியக் கடற்படையும் டச்சுக் கடற்படையும் டென் ஹெல்டர் நகரில் ஒரே தலைமையின் கீழ் இயங்குகின்றன. ஒத்துழைப்பு 1948இல் தொடங்கியது, 1996 முதல் செயல்பாட்டுத் தலைமையே ஒன்று. ஆனால் தன் கப்பல் எந்தப் பணிக்குப் போகும் என்பதை அந்தந்த அரசுதான் முடிவு செய்கிறது. பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் மூன்றின் வான்பரப்பையும் 2017 முதல் பெல்ஜியப் போர்விமானங்களும் டச்சுப் போர்விமானங்களும் முறைவைத்துக் காக்கின்றன.

தரைப்படையில் இன்னும் பெரிய உதாரணம் நெதர்லாந்தும் ஜெர்மனியும். 2014, 2016, 2023 என்று படிப்படியாக டச்சுத் தரைப்படையின் மூன்று போர்ப் பிரிகேடுகளும் ஜெர்மன் டிவிஷன்களோடு இணைக்கப்பட்டன. செலவுக் குறைப்பில் 2011இல் டாங்கிப் படையையே கலைக்க முடிவு செய்த நெதர்லாந்தின் வீரர்கள், பின்னர் ஜெர்மன் டாங்கிப் பட்டாலியன் ஒன்றில் ஜெர்மானியரோடு சேர்ந்து பணியாற்றினார்கள். அமைதிக் காலத்தில் இது அருமையாக வேலை செய்கிறது. ஆனால் 2024இல் மீண்டும் சொந்த டாங்கிப் பட்டாலியன் அமைக்க டச்சு அரசு முடிவு செய்ததை நான் முக்கியமான செய்தியாகப் பார்க்கிறேன். ஒரு திறனைப் பகிர்வது வேறு, அதை முற்றிலும் இழந்துவிட்டு மற்றவரிடம் கேட்டு வாங்குவது வேறு.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஹங்கேரியின் பாப்பா விமானத் தளத்தில் இருக்கிறது. 12 நாடுகள் சேர்ந்து மூன்று பெரிய சி-17 சரக்கு விமானங்களை வைத்திருக்கின்றன. ஒவ்வொரு நாட்டுக்கும் அது செலுத்திய பங்குக்கு ஏற்பப் பறக்கும் மணிநேரம் உண்டு. அந்த நேரத்தைத் தன் ராணுவப் பணிக்கோ நிவாரணப் பணிக்கோ தன் விருப்பப்படி பயன்படுத்தலாம். தனியாக ஒரு விமானம்கூட வாங்க முடியாத நாட்டுக்குத் தேவையான நேரத்தில் விமானம் கிடைக்கிறது.

8. சிறிய நாடு தனியாக நின்றால் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்காது. அதற்கு எதற்கு இறையாண்மைப் பேச்சு?

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா மூன்றும் 2004இல் நேட்டோவில் சேர்ந்ததிலிருந்து அவற்றின் வான்பரப்பைக் கூட்டணி நாடுகளின் போர்விமானங்களே மாறி மாறிக் காக்கின்றன. ஐஸ்லாந்து ராணுவமே இல்லாமல் கூட்டணியின் நிறுவன உறுப்பினராக இருக்கிறது. காகிதத்தில் முழு அதிகாரம் வைத்துக்கொண்டு, படையெடுத்து வருபவனிடம் எல்லாவற்றையும் இழப்பதைவிட, சிலவற்றைப் பகிர்ந்து மீதியைக் காப்பது அறிவுடைமை என்பது இந்த நாடுகளின் கணக்கு. அதைக் குறை சொல்ல எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

அதே நேரத்தில் ஃபின்லாந்தைப் பாருங்கள். ரஷ்யாவோடு சுமார் 1,340 கிலோமீட்டர் எல்லை கொண்ட அந்த நாடு 2023 ஏப்ரல் 4 அன்றுதான் நேட்டோவில் சேர்ந்தது. சேர்ந்த பிறகும் கட்டாய ராணுவப் பயிற்சியையோ பெரிய தேசியப் படையையோ குறைக்கவில்லை. கூட்டணி வந்ததும் சொந்த வலிமையைக் கைவிடலாம் என்று எண்ணும் அரசுகள் இந்த நாட்டிடம் பாடம் கேட்க வேண்டும்.

9. நடுநிலை நாடுகள் இதில் எப்படி உட்கார்ந்திருக்கின்றன?

ஒவ்வொன்றும் தனக்கான கதவை வைத்திருக்கிறது. 3ஆம் கேள்வியில் சொன்ன 42(7) பிரிவே, சில நாடுகளின் தனித்த பாதுகாப்புக் கொள்கையை அது பாதிக்காது என்றும் சொல்கிறது. ஆஸ்திரியாவின் நடுநிலை 1955இலிருந்து அரசியலமைப்புச் சட்டம். அயர்லாந்து மக்கள் 2008 ஜூனில், ஒன்றியத்தின் அடிப்படை விதிகளைத் திருத்திய லிஸ்பன் உடன்படிக்கையை நிராகரித்தார்கள். ராணுவ நடுநிலை குறித்த உறுதிமொழிகள் கிடைத்த பிறகே 2009 அக்டோபரில் ஏற்றுக்கொண்டார்கள். உக்ரைனுக்கு உயிர்பறிக்கும் ஆயுதங்கள் வாங்க ஒன்றியம் 2022 பிப்ரவரியில் முடிவெடுத்தபோது ஆஸ்திரியா, அயர்லாந்து, மால்டா மூன்றும் தடுக்காமல் ஒதுங்கி நின்றன.

எதிர்த்திசையில் போன நாடும் உண்டு. ஒன்றியத்தின் பாதுகாப்புக் கொள்கையிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் விலக்குப் பெற்றிருந்த டென்மார்க், 2022 ஜூன் 1 பொதுவாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு அந்த விலக்கைக் கைவிட்டது. விலகவும் சேரவும் மக்களிடமே கேட்ட முறைக்காக அந்த நாட்டை நான் மதிக்கிறேன்.

10. ஒரு நாடு மறுத்தால் எல்லாம் நின்றுவிடுகிறது. வீட்டோவை எடுத்துவிட்டுப் பெரும்பான்மையால் முடிவு செய்தால் என்ன?

ஒன்றியத்தின் வெளியுறவு முடிவுகள் சிலவற்றில் பெரும்பான்மை வாக்குக்கு இடம் உண்டு. ராணுவ விளைவு கொண்ட முடிவுகளுக்கு அது பொருந்தாது என்று உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு வெளிப்படையாகவே தடுத்திருக்கிறது. ஒதுங்கி நிற்கும் வழி மட்டும் உண்டு. 9ஆம் பதிலில் வந்த மூன்று நாடுகள் செய்தது அதைத்தான்.

பெரும்பான்மை முடிவை ஆதரிப்பவர்கள் நல்ல நோக்கத்தோடுதான் பேசுகிறார்கள். ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். வேண்டாம் என்று வாக்களித்துத் தோற்ற நாட்டின் பிள்ளைகளையும் அந்தப் போருக்கு அனுப்புவீர்களா? அனுப்பினால், இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பதில் சொல்ல அந்த நாட்டின் பிரதமரால் முடியாது, ஏனெனில் அவர் மறுத்தவர். அனுப்பாவிட்டால், விரும்பிய நாடுகள் மட்டும் போகின்றன, அதற்கு இன்றைய ஏற்பாடே போதும். ஐரோப்பா முழுவதற்கும் ஒரே அரசு, அதைத் தேர்ந்தெடுக்கும் ஒரே வாக்காளர் சமூகம் உருவானால் இந்தக் கேள்வி மறையும். அது உருவாகும் முன்பே ராணுவத்தை உருவாக்குவது தலைகீழ் வரிசை என்று நினைக்கிறேன்.

பணம் இன்னொரு தடை. ராணுவப் பணிகளின் செலவை ஒன்றியத்தின் வரவுசெலவிலிருந்து எடுக்க 41ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. அனுப்பும் நாடே பெரும்பகுதியைச் சுமக்கிறது. தயார்நிலை முறை தன்னிடம் இருக்கும் காலத்தில் நெருக்கடி வந்தால் எல்லாச் செலவும் தன் தலையில் விழும் என்று தெரிந்த அரசு எப்படி உற்சாகமாகக் கை தூக்கும்? போர்க்குழுக்கள் நகராமல் நின்றதில் இதற்கும் பங்கு உண்டு.

11. எல்லோரும் சேர்ந்து தயார் செய்த பிறகு நடுவில் ஒரு நாடு கழன்றுகொண்டால்?

இணைப்பு ஆழமாக ஆக இந்தக் கேள்வி கூர்மையாகிறது. ஜெர்மனியின் கெய்லன்கிர்ஷென் தளத்தில் நேட்டோவுக்கே சொந்தமான அவாக்ஸ் கண்காணிப்பு விமானங்கள் இருக்கின்றன. அவை பதிவு செய்யப்பட்டிருப்பது லக்ஸம்பர்க்கில். ஒரே விமானத்தில் பல நாட்டவர் பணியாற்றுகிறார்கள். 2011 மார்ச்சில் லிபியா மீதான நடவடிக்கைக்கு அனுமதி தந்த ஐ.நா. பாதுகாப்பு அவைத் தீர்மானம் 1973இன்போது ஜெர்மனி வாக்களிக்காமல் ஒதுங்கியது. பிறகு மத்தியதரைக் கடல் பகுதியில் பறந்த அவாக்ஸ் விமானங்களிலிருந்து தன் வீரர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அந்த விமானங்களில் ஜெர்மானியரின் பங்கு பெரியது என்பதால், ஈடாக ஆப்கானிஸ்தான் மீது பறக்கும் பணிக்கு ஜெர்மன் வீரர்களை அனுப்ப அதன் நாடாளுமன்றம் அவசரமாக ஒப்புதல் தந்தது.

இரண்டு பக்கத்தின் வலியும் எனக்குப் புரிகிறது. ஜெர்மனி தன் 1994 தீர்ப்பின் வழியில் நடந்தது. கூட்டாளிகளோ, ஒரு போரின் நடுவில் இருக்கைகள் காலியாவதைப் பார்த்தார்கள். நான் சரி என்று நினைப்பது இடைப்பட்ட வழி: பகிரப்படும் ஒவ்வொரு திறனுக்கும், யார் எந்தச் சூழலில் விலகுவார்கள், விலகினால் அந்த இடத்தை யார் நிரப்புவார்கள் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்.

12. கூட்டுப்படை உறுப்பு நாட்டின் மீதே பாய்ந்தால்? அப்படி நடந்ததில்லையா?

நடந்திருக்கிறது. 1968 ஆகஸ்டில் சோவியத் ஒன்றியமும் போலந்து, ஹங்கேரி, பல்கேரியா படைகளும் தங்கள் வார்சா ஒப்பந்தக் கூட்டாளியான செக்கோஸ்லோவாக்கியாவுக்குள்ளேயே நுழைந்தன. ருமேனியா சேர மறுத்தது, அல்பேனியா ஒப்பந்தத்திலிருந்தே வெளியேறியது. வெளி எதிரிக்காக அமைந்த கூட்டணி, உள்ளே ஒரு மக்களின் விருப்பத்தை நசுக்கும் கருவியானதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அரசே அழைக்கும்போது சிக்கல் வேறு உருவம் எடுக்கிறது. 2011 மார்ச்சில் மக்கள் போராட்டம் நடந்த பஹ்ரைனுக்கு, மன்னரின் அழைப்பின் பேரில் வளைகுடா நாடுகளின் தீபகற்பக் கவசப்படை சென்றது. 2022 ஜனவரியில் கஜகஸ்தான் அதிபர் கேட்டதும் ரஷ்யத் தலைமையிலான கூட்டுப் பாதுகாப்பு அமைப்பு படை அனுப்பியது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆர்மீனியா உதவி கேட்டபோது அனுப்பவில்லை. 2024இல் ஆர்மீனியா அந்த அமைப்பில் தன் பங்கேற்பை நிறுத்திவைத்தது. ஆட்சியாளரைக் காக்க விரைந்து வரும் படை, எல்லையைக் காக்க வருவதில்லை என்ற கசப்பு அங்கே இன்னும் இருக்கிறது.

மேற்கு ஆப்பிரிக்கா இரண்டு முகங்களையும் காட்டியது. 2016 டிசம்பர் தேர்தலில் தோற்ற காம்பியா அதிபர் ஜாமே பதவி விலக மறுத்தபோது, மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எக்கோவாஸின் படை செனகல் தலைமையில் 2017 ஜனவரியில் நுழைந்தது. சில நாட்களில் அவர் வெளியேறினார். மக்களின் தீர்ப்பைக் காத்த அந்தத் தலையீட்டை நான் ஆதரிக்கிறேன். ஆனால் 2023 ஜூலையில் நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அதே எக்கோவாஸ் படை அனுப்புவதாக எச்சரித்து, கடைசியில் அனுப்பவில்லை. நைஜர், மாலி, புர்கினா ஃபாசோ மூன்றும் தனிக் கூட்டணி அமைத்து 2025 ஜனவரியில் எக்கோவாஸிலிருந்தே விலகிவிட்டன.

13. அணு ஆயுதத்தையும் பகிர்வார்களா?

பொத்தானைப் பகிர்ந்த நாடு எதுவும் இல்லை. 1960களில் பல நாட்டு மாலுமிகள் சேர்ந்து இயக்கும் அணு ஏவுகணைக் கப்பல்களை உருவாக்கலாம் என்று அமெரிக்கா முன்மொழிந்து, ஒரு போர்க்கப்பலில் கலப்பு மாலுமிகளை வைத்துச் சோதித்தும் பார்த்தது. திட்டம் கைவிடப்பட்டது. பிரிட்டன் 1962இல் தன் ஏவுகணைகளை நேட்டோவுக்கு ஒதுக்கியபோதுகூட, உச்சகட்ட தேச நலன் ஆபத்தில் இருந்தால் தானே முடிவு செய்யும் என்ற விலக்கை எழுதிவாங்கியது. பிரான்ஸ் நேட்டோவின் அணுத்திட்டக் குழுவிலேயே இல்லை.

14. சொந்த ராணுவம் இருந்தாலும் ஆயுதம் வெளிநாட்டில் வாங்கியதுதானே? அப்போதே சுதந்திரம் போய்விடவில்லையா?

ஓரளவு போய்விடுகிறது. 6ஆம் கேள்வியின் பட்டியலில் மிகச் சத்தமில்லாமல் கைமாறும் அதிகாரம் இதுதான். தன்னிடம் இருந்த லெப்பர்ட் 2 டாங்கிகளை உக்ரைனுக்குத் தர போலந்து விரும்பியபோது, அவற்றைத் தயாரித்த ஜெர்மனியின் அனுமதி தேவைப்பட்டது. வாரக்கணக்கான அழுத்தத்துக்குப் பிறகு 2023 ஜனவரி 25 அன்றுதான் ஜெர்மனி இசைந்தது. காசு கொடுத்து வாங்கிய பொருளை யாருக்குத் தருவது என்ற முடிவு வாங்கியவர் கையில் இல்லை. கூட்டுப்படை வேண்டாம் என்று மேடையில் முழங்குபவர்கள் இந்தக் கொள்முதல் ஒப்பந்தங்களையும் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

15. கூட்டுக்கொடியின் கீழ் தவறு நடந்தால் யார் பொறுப்பு?

1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் ஐ.நா. பாதுகாப்புப் பகுதி வீழ்ந்தது. ஆண்களும் சிறுவர்களுமாகச் சுமார் 8,000 பேர் கொல்லப்பட்டார்கள். அங்கே ஐ.நா. கொடியின் கீழ் காவல் நின்றது ஒரு டச்சுப் பட்டாலியன். 2002 ஏப்ரலில், அந்தப் பேரழிவு குறித்த ஆய்வறிக்கை வெளியானதும் டச்சு அமைச்சரவை முழுவதும் பதவி விலகியது. 2013இல் டச்சு உச்ச நீதிமன்றம், தளத்திலிருந்து வெளியேற்றப்பட்டுக் கொல்லப்பட்ட மூன்று பேரின் மரணத்துக்கு டச்சு அரசே பொறுப்பு என்றது. ஐ.நா.வின் கொடி அரசைக் காப்பாற்றவில்லை. அந்தக் கணத்தில் படையின் மீது உண்மையான கட்டுப்பாடு ஹேக் நகரில் இருக்கும் டச்சு அரசின் கையிலும் இருந்தது என்பது நீதிமன்றத்தின் பார்வை. தளத்திலிருந்து அனுப்பப்பட்ட சுமார் 350 ஆண்கள் தொடர்பான இன்னொரு வழக்கில், 2019இல் அரசின் பொறுப்பு 10 சதவீதம் என்று தீர்ப்பானது.

கொல்லப்பட்டவர்களின் தாய்மார்கள் நீதிக்காக இத்தனை ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது எனக்கு இன்றும் தாங்க முடியாததாக இருக்கிறது. அவர்கள் வழக்குத் தொடுக்க ஒரு அரசாவது இருந்தது, பதவி விலக ஒரு அமைச்சரவையாவது இருந்தது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஒரு படை நாளை தவறு செய்தால் எந்த நீதிமன்றத்தின் கதவைத் தட்டுவது? கூட்டுப்படைத் திட்டம் எதுவாக இருந்தாலும் நான் முதலில் தேடுவது இந்தப் பக்கத்தைத்தான். பெரும்பாலும் அது காலியாகவே இருக்கிறது.

16. சரி, நாளைக்கே 27 நாட்டுத் தலைவர்களும் ஒப்புக்கொண்டால் ஐரோப்பிய ராணுவம் வந்துவிடுமா?

வராது. உடன்படிக்கையின் 42(2) பிரிவு பொதுப் பாதுகாப்புக்கு வழி திறந்துதான் வைத்திருக்கிறது. தலைவர்கள் ஒருமனதாக முடிவெடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு நாடும் தன் அரசியலமைப்பின்படி அதை ஏற்க வேண்டும். இரண்டாவது படிதான் செங்குத்தானது. அயர்லாந்தின் அரசியலமைப்பு அத்தகைய பொதுப் பாதுகாப்பில் அந்நாடு சேருவதைத் தடுக்கிறது. அதை நீக்கப் பொதுவாக்கெடுப்பு தேவை. ஜெர்மனியில் அரசியலமைப்பு நீதிமன்றம் லிஸ்பன் உடன்படிக்கை குறித்து 2009 ஜூன் 30 அன்று தந்த தீர்ப்பு, ராணுவத்தை அனுப்ப நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும் என்ற விதியை ஐரோப்பிய ஒருங்கிணைப்பால் கரைக்க முடியாது என்று சொல்லிவிட்டது.

எனவே அடுத்த சில ஆண்டுகளில் வரப்போவது சீருடை மாறிய ராணுவம் அல்ல. கூட்டுக் கொள்முதல், கூட்டுக் கடன், கூட்டுத் தலைமையகம் இவைதான். 2025 மே மாதத்தில் ஒன்றியம் ஒப்புதல் தந்த 15,000 கோடி யூரோ ஆயுதக் கடன் திட்டம் அந்த வழியில்தான் போகிறது. அதே மாதம் ஜெர்மனி லிதுவேனியாவில் தன் 45ஆவது கவசப் பிரிகேடை முறைப்படி தொடங்கிவைத்தது. ஜெர்மன் வீரர்கள் அங்கே நிரந்தரமாகத் தங்கப்போகிறார்கள். அவர்கள் காக்கப்போவது லிதுவேனியாவை, அவர்களை அனுப்பியது ஜெர்மன் அரசு, வரவேற்றது லிதுவேனிய அரசு. எதற்கு யாரிடம் கணக்குக் கேட்பது என்று இரண்டு நாட்டு வாக்காளர்களுக்கும் தெரியும்.